பெண்ணுக்கு வைத்த பரீட்சை

பெண் பார்க்க வந்த இடத்தில் யாராவது பரீட்சை வைப்பார்களா? ஆம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா மஹ்பூபி வைத்தாள்.

"எம் பையன் ஷூ கம்பெனில தெனம் வெள்ளைக்காரனுக்கு மெயில் போடறான். பொண்டாட்டிக்கு இங்கிலீஷ் வராதுன்னா பேஜாரு. 'வாண்ட்'னு வச்சு ரெண்டு வாக்கியம் எழுது, பாக்கலாம்."

தாளும் பேனாவும் ஹுமேராவின் மடியில் வந்து விழுந்தன.

ஹுமேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவளுக்கு இரண்டாங்கிளாஸ் கேள்வி! வந்ததிலிருந்து அந்தம்மாள் அவள் பல்லைப் பார்த்தாயிற்று, நடக்கவிட்டுப் பார்த்தாயிற்று. மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள்.

இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அப்பாவிடம் முந்தாநாளே அழுதாள். அப்பா ஹயாத் பாஷா பெல்ட்டைக் கழற்றினார். அவர்களாக வேண்டாமென்று சொன்னால் ஒழிய இது நிற்காது என்று கத்தினார்.

சரி, அவர்களையே சொல்ல வைத்துவிடலாம்.

அன்று அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று, திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை காஷிஃப்.

எழுதினாள். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இதை நீங்களே வேண்டாமென்று சொல்ல வேண்டும். எல்லாம் இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல்.

படித்தவன். கொஞ்சம் ரோஷம் இருந்தால் எழுந்து போய்விடுவான். போய்த் தொலையட்டும்.

மஹ்பூபி தாளை வாங்கித் திரைக்கு வெளியே மகனிடம் நீட்டினாள். திரும்பி வந்து மறுபடியும் ஹுமேராவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஹுமேரா அந்தப் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டாள். யா அல்லா, சொல்லித் தொலையேன்!

தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு காஷிஃபின் குரல், நிதானமாக.

"'எனக்கு இந்தக் குடும்பம் வேணும், உங்கள மாதிரி மாமியார் வேணும்'னு எழுதியிருக்குது அம்மி. ஒரு தப்பும் இல்ல. தேதி வச்சிடுங்க."

வெளியே அப்பா சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

பொய் என்று கத்த ஹுமேரா வாயைத் திறந்தாள்.

மஹ்பூபி சிரித்துக்கொண்டே ஒரு மக்கன் பேடா இனிப்பை முழுசாக அந்த வாய்க்குள் திணித்தாள்.