நாற்பது சேவருக்கு ஒரு மாப்பிள்ளை

"எங்கடை சேவரிலை மெமறி மட்டும் ஐந்நூற்றிப் பன்னிரண்டு ஜிபி, அங்கிள். இஞ்ச பரந்தன் முழுக்கத் தேடினாலும் உப்பிடி ஒண்டு கிடையாது."

ரொறன்ரோவிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த பிரதாபன் இதைச் சொல்லிவிட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். பெண்ணின் தகப்பன் இளையதம்பிக்கு உழவையும் விதைப்பையும் விட்டால் வேறொன்றும் தெரியாது. பாவம், தலையாட்டினார்.

மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாரா, சேவர் விற்க வந்தாரா என்று சந்தேகமாக இருந்தது. அரை மணித்தியாலமாக அதே கதை. சேவர் என்கிற அந்த ஒரே பெரிய இயந்திரத்தை நாற்பது கணினிகள்போலப் பிரித்து ஓடவிட்டிருக்கிறாராம். எல்லாம் லினக்ஸாம். கம்பனியில் அதைப் பார்க்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தானாம். இவர் இல்லாவிட்டால் கனடாவே இருண்டுபோகும் போலிருந்தது.

பிரியந்தினி தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

இளையதம்பி மெல்ல வாய் திறந்தார். மகளும் மூன்று வருடமாக வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்குக் கொம்பியூட்டர் வேலைதான் செய்கிறாள் என்றார். என்ன வேலை என்று அவருக்கும் சரியாகத் தெரியாது.

"ரைப்பிங் ஆக்கும்," என்று மாப்பிள்ளையின் தாய் கமலாட்சி முடித்துவைத்தார்.

பிரதாபன் சிரித்தான். ரைப்பிங் வேறு, சேவர் வேறு என்று பிரியந்தினிக்கு விளங்கப்படுத்தினான். போன செவ்வாய்க்கிழமை மெமறி நிரம்பி நாற்பதும் ஒரேயடியாக நின்றுவிட்டதாம். இவன் கைவைத்து இருபது நிமிடத்தில் எழுப்பிவிட்டானாம்.

பிரியந்தினி அப்போதுதான் நிமிர்ந்து அவனை முழுதாகப் பார்த்தாள்.

"ஒருத்தரும் உதவி செய்யேல்லையோ?"

"ஆர் இருக்கினம் உதவிக்கு? எல்லாம் நான் தனியத்தான். உங்களுக்கு உது விளங்காது."

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று கமலாட்சி அறிவித்தார். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கொம்பியூட்டர் வேலை ஒன்றும் சரிவராதாம். மகன் தாயையும் மிஞ்சினான்.

"பிறகென்ன பிறகு? இண்டைக்கே விடட்டும். என்ரை மனுசி ஆரோ ஒருத்தனுக்குக் கிடந்து உழைக்கத் தேவையில்லை."

இந்த வேலையை விடமாட்டேன் என்றுதான் பிரியந்தினி முன்னர் இரண்டு சம்பந்தங்களைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அது உயிர். இதுவும் போச்சு என்று நினைத்தபடி இளையதம்பி அவளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

"ஓம், விடுறன்," என்றாள் பிரியந்தினி. "இப்பவே அறிவிச்சுப்போட்டு வாறன்."

அவள் அறைக்குள் போனாள். இளையதம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கமலாட்சி சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி நல்ல நாள் தேடத் தொடங்கினார்.

இரண்டு நிமிடத்தில் பிரதாபனின் ஃபோன் சிணுங்கியது. எடுத்து வாசித்தவனின் முகம் வெளிறிப்போனது. கம்பனிக்குத் தெரியாமல் தன் வேலை முழுவதையும் செய்து தருவதற்கென்று அவன் மூன்று வருடமாக இணையத்தில் முகம் தெரியாமலே பிடித்து வைத்திருந்த ஆளின் செய்தி அது:

"இன்று முதல் உங்கள் சேவர்களை நான் பார்க்கமாட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, வேலையை இப்போதே விடச் சொல்லிவிட்டார்."