முதல் கையெழுத்து

அறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். மலை வழிகாட்டிகள் சங்கத் தலைவர் கிசெப், உறுப்பினர் யாஹன், ஓய்வுபெற்ற வழிகாட்டி பத்ருத், அவருடைய மகன் டூரி, பனிச்சரிவில் கணவனை இழந்த ஹாலந்துக்காரி மரைக்கே. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

"சின்னத்தைக் கழட்டி மேசைமேல வைடா," என்றார் பத்ருத்.

டூரி சட்டையில் குத்தியிருந்த வழிகாட்டிச் சின்னத்தைக் கழற்றி வைத்தான்.

"அவசரப்படாதீங்கண்ணே," என்றார் கிசெப். "உரிமம் போச்சுன்னா இவன் மறுபடி மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போக முடியாது. நாப்பது வயசுல வேற என்ன தொழில் தெரியும் இவனுக்கு?"

"மாடு மேய்க்கட்டும். அது பனிக்காலத்துல வெளியே போகாது."

மூன்று வாரங்களுக்கு முன், பாதை போடாத மேட்டுச் சரிவில் நான்கு பேர் பனியில் சறுக்கப் போனார்கள். முறைப்படி ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் வழிகாட்டி டூரி, அடுத்து மரைக்கேயின் கணவன் யோஸ்ட். அவன் பாதி தூரம் வந்தபோது சரிவு உடைந்து அவனை மூடியது. மேலே நின்ற பத்ருத்தும் மரைக்கேயும் உடனே இறங்கி வந்துவிட்டார்கள். டூரி அடியிலிருந்து ஏறி வர வேண்டியிருந்தது.

ஜாக்கெட்டுக்குள் மார்போடு ஆளுக்கொரு கருவி கட்டியிருப்பார்கள். அது ஓயாமல் அலை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்ற எல்லோரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றியாக வேண்டும். ஒருவர் மறந்தாலும் போதும், தேடுகிறவர் வெளியே நிற்பவரையே சுற்றிச் சுற்றி வருவார்.

மரைக்கேதான் தேடினாள். அவள் கருவி காட்டிய இடம் நகர்ந்துகொண்டே இருந்தது. பதினோரு நிமிடம் போயிற்று. யோஸ்ட்டை வெளியே எடுத்தபோது மூச்சில்லை. 'என் கருவியை மாற்ற மறந்துவிட்டேன்' என்று மீட்புக் குழுவிடம் டூரியே சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

"நேத்து கத்துக்க வந்தவன்கூட முதல்ல அதத்தான் மாத்துவான்," யாஹன் சிரித்தான். "பத்ருத் வீட்டுப் பிள்ளை மறந்துட்டானே!"

"நீ சிரிக்கிற அளவுக்கு வந்துட்டோம்ல," என்றார் பத்ருத். "எங்க காலத்துல இந்தப் பெட்டியெல்லாம் ஏது? நீளக் கம்பியும் மண்வெட்டியுந்தான். அன்னிக்கும் நான் போன கையோட கம்பிய எடுத்துக் குத்தித் தேட ஆரம்பிச்சுட்டேன். என் புள்ள, இந்தத் துரை, என்ன செஞ்சார் தெரியுமா? மலைக்குடிசைக்கு வந்து சேர்றோம், இந்தம்மா ஒரு மூலையில உக்காந்து அழுவுது. இவன் அதக் கண்டுக்காம, நேரா வந்து என் ஜாக்கெட்டத் திறந்து உள்ள கைய விடறான். குளிருதாப்பான்னு கேக்கறான். நான் என்ன கைக்குழந்தையா?"

டூரி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பக்கம் ஏதாச்சும் இருந்தா சொல்லு டூரி," என்றார் கிசெப். "இதுதான் கடைசி."

"ஒண்ணும் இல்ல. அப்பா சொல்றது சரி."

"என்ன இருக்கும் சொல்ல?" பத்ருத் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பா, அப்புறம் நான். எழுபது வருஷம். எங்கள நம்பி மேல வந்த ஒருத்தர்கூட பிணமா இறங்கினதில்ல. பேனாவக் குடு கிசெப். முதல் கையெழுத்து நான் போடறேன். எங்க வீட்டு அழுக்க அடுத்தவன் வந்து கழுவ வேண்டாம்."

உரிமத்தைப் பறிக்கும் தீர்மானத்தில் அவர் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். கிசெப் போட்டார். யாஹன் போட்டான்.

காகிதத்தை மரைக்கேயின் பக்கம் நகர்த்தினார் கிசெப். "சாட்சின்னு நீங்களும் ஒரு கையெழுத்து போடணும்மா. ஊருக்கே தெரிஞ்சததான் எழுதியிருக்கு. டூரி தன் கருவிய மாத்தல, அதனாலதான் தேடறது தப்பாப் போச்சுன்னு."

மரைக்கே டூரியைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் அவன் லேசாகத் தலையை அசைத்தான்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"என்னம்மா, படிச்சுக் காட்டணுமா?" என்று எரிச்சலோடு கேட்டார் பத்ருத்.

"வேண்டாம். ஊர் சொல்றது பொய்," என்றாள் மரைக்கே. "மாத்தாம இருந்தது உங்க கருவி, பெரியவரே."