முன்னேற்ற முடியாத ஆள்

செல்லப்பாண்டி கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அவரை முன்னேற்றுவதற்காகக் காதுக்குள் பொருத்திய குரலின் விலை அது.

வெங்காய மண்டியில் இசக்கி காய்ச்சலோடு சாக்கில் சுருண்டு கிடந்தான். மண்டி வழக்கப்படி அவன் பங்கு மூட்டையையும் செல்லப்பாண்டியே தூக்கி, கூலியை அவன் பேரில் எழுதச் சொன்னார்.

“அடுத்தவர் சுமை உங்கள் வெற்றிக்குத் தடை. இறக்கி வைத்தால் நாளை முதல் நீங்கள்தான் மேஸ்திரி” என்றது குரல்.

“நான் இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப எம்மூட்டைய நீயா தூக்குன? இங்க உள்ளவனுகதான் தூக்குனானுக. சும்மா கெட.”

குரல் கொஞ்சம் யோசித்தது. “இவரை முன்னேற்ற முடியாது. முன்னேறாதவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கடன் தள்ளுபடி” என்று சொல்லிவிட்டு அணைந்தது.

செல்லப்பாண்டி சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இசக்கி தலையைத் தூக்கினான். “எங்காதுலயும் ஒண்ணு கெடக்குண்ணே.”

“காய்ச்சல் விடட்டும்டே. ஒரு நாளைக்கு எம்மூட்டைய நீ தூக்கு, அந்தக் கடனும் போயிரும்.”