இருநூறு மணி நேரத் தும்பி

கடைசியில் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அவசரப்படாதீர்கள், முதலில் தும்பியின் கஷ்டத்தைக் கேளுங்கள்.

அந்தரத்தில் அசையாமல் நிற்கவும், பின்பக்கமாகப் பறக்கவும் பயிற்சி எடுத்துத் தேறிய புது விமானி அது. லைசென்ஸ் இருந்தது, வேலைதான் இல்லை. எங்கே போனாலும், "ஆயிரம் மணி நேரம் பறந்திருக்கியா?" என்றார்கள். தும்பி பறந்ததோ இருநூறு. வேலை கொடுத்தால்தானே மிச்சத்தைப் பறக்க முடியும்?

யார் குரலிலும் பேசிக் கேலி செய்யும் மைனாவுக்கு இது போதாதா? திங்கட்கிழமை கோரைப் புல்லுக்குள் ஒளிந்துகொண்டு தவளைக் குரலில், "வேலை இருக்கு தம்பி, குளத்தை நூறு சுத்து சுத்திக் காட்டு" என்றது. தும்பி மூச்சிரைக்கச் சுற்றியது. செவ்வாய்க்கிழமை எருமைக் குரலில், "தலைகீழா நில்லு" என்றது. நின்றது. இரண்டு நாளும் கிடைத்தது 'கெக்கெக்கே' சிரிப்புதான்.

புதன்கிழமை அதே புல்லுக்குள்ளிருந்து ஆமைக் குரல் வந்தது. "தம்பி, பருந்து வந்தா மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேணும். இருநூறு மணி போதும். மிச்சத்தை எங்ககிட்டயே பறந்துக்கோ."

இருநூறு போதுமாம்! எவனாவது அப்படிச் சொல்வானா?

"ஆமையை விட நல்லாவே இழுத்துப் பேசறே, மைனா மூதேவி! உன் வேலையை நீயே வச்சுக்கோ!"

"சரிப்பா, அப்போ பொன்வண்டுக்கே சொல்லிடறேன்."

'தொபுக்' என்று ஏதோ தண்ணீரில் இறங்கியது.

'அடடா, தொபுக்கைக்கூட அச்சு அசலா எழுப்புதே!' என்று தும்பி தலையைத் தூக்கியது.

எதிர்க்கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது. வாய் நிறைய அத்திப்பழம், சிரிக்கக்கூட இடமில்லை.

தும்பியின் இறக்கை நான்கும் அப்படியே நின்றுபோயின.