கத்தாத ஆள்காட்டி

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்காத கதை இது.

ஒரு பொட்டக்காட்டில் ஒரு முயல், ரெண்டு குட்டிகளோடு இருந்தது. குட்டிகள் மேயும்போது காவலுக்கு ஆள்காட்டிக் குருவியை வைத்திருந்தது. நரி வந்தால் குருவி கத்தும், முயல் குட்டிகளைப் புதருக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஒருநாள் விடியலில் பனி மூடியது. குருவிக்குத் தன் காலே தெரியவில்லை. ஆனாலும் அது வாயைத் திறக்கவில்லை. சத்தமில்லையே, நரி இல்லை என்று முயலும் குட்டிகளை மேயவிட்டது. பனிக்குள்ளிருந்து வந்த நரி, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"ஏன்டி பாவி, கத்தல?" என்று முயல் பாய்ந்தது.

"நரியைப் பார்த்தாத்தானே கத்தச் சொன்ன? நான் பார்க்கவேயில்லையே அக்கா!"

"நரி வரலைங்கிறது வேற, கண்ணு தெரியலைங்கிறது வேற! ரெண்டுக்கும் வாயை மூடிக்கிட்டிருந்தா நான் எதைன்னு எடுத்துக்கிறது?"

"கண்ணு தெரியலைன்னு கத்தினா என்னைக் காவல்காரின்னு எவ மதிப்பா?"

"உன் மதிப்புக்கு என் புள்ளையா தீனி?" முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. "இனிமே நாலு பக்கமும் தெளிவாத் தெரிஞ்சு, நரியும் இல்லேன்னாத்தான் கத்தணும். விடாம கத்தணும். இல்லேன்னா நிறுத்திடு. வாயை மூடறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே!"

மறுநாளும் பனி இறங்கியது. கத்திக்கொண்டிருந்த குருவி பாதியில் நிறுத்தியது.

முயல் ஏனென்று கேட்கவில்லை. மிச்சமிருந்த குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது.