சிவப்புப் பொட்டு

இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகள் கைகோத்ததும், அவற்றின் டேட்டா சென்டர் கூடம் நிறைய ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் எல்லாம் ஒரே சர்வருக்குள் குடியேறின. வங்கி, மின்வாரியம், ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றின் புரோகிராமும் தனி இயந்திரத்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டு அந்த ஒன்றுக்குள் ஓடின. காலியான பழைய பெட்டிகளில், கூடத்தைக் கவனித்துக்கொண்ட பூங்கோதை வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். அவற்றைக் கழற்ற வரவிருந்த தணிகாசலத்திடம் போனில் சொன்னாள்: "பொட்டு வெச்சதெல்லாம் செத்ததுண்ணே. ஒயரைப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிடுங்க."

மறுநாள் ஆயுத பூஜை. உயிரோடிருந்த அந்த ஒற்றைச் சர்வருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பொரி வாங்கக் கீழே போனாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் ஒரு சர்வர் விசிறிகூடச் சுற்றவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அங்கே கேட்டிராத அமைதி. தணிகாசலம் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் முதல் பெட்டியாக அந்தச் சர்வர் இருந்தது, குங்குமம் கலையாமல்.

"இதுலயும் பொட்டு இருந்துச்சேம்மா," என்றார்.

மேசைமேல் போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். பூங்கோதை சிவந்திருந்த விரல் நுனியைத் துப்பட்டாவில் துடைத்தாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.