பத்து வாலுக்கு ஒரு மூஞ்சி

"கரையில கேமராவோட உட்கார்ந்திருக்கானே, அவன் சரியான அயோக்கியன்! பத்து நாளா என் வாலை மட்டுமே படம் பிடிக்கிறான்" என்று கத்தியது புள்ளிமூக்கு வாத்து.

"எப்பப் பார்த்தாலும் தலைகீழா முங்கி மேய்ஞ்சா, அவர் வேற எதை எடுப்பார், அண்ணே?" என்று சிரித்தது பக்கத்தில் நீந்திய நாமக்கோழி.

"இன்னைக்கு மூஞ்சியை எடுக்குற வரைக்கும் நான் குனியவே மாட்டேன்!"

விடிந்ததிலிருந்து வாத்து பட்டினியாகக் கழுத்தை நிமிர்த்தி மிதந்தது. கேமராக்காரனோ லென்ஸைத் துடைத்தான், டீ குடித்தான், சாவகாசமாகக் கொட்டாவி விட்டான். அந்த நேரம் பார்த்து, தண்ணீருக்கடியில் கொழுத்த நத்தை ஒன்று ஊர்ந்தது. ஒரே ஒரு வாய்தானே என்று வாத்து முங்கியது.

கிளிக்!

நாமக்கோழி விழுந்து விழுந்து சிரித்தது. வாத்துக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் நத்தையோடு கரையைப் பார்த்துக் கூவியது:

"யோவ்! பத்து வாலுக்கு ஒரு மூஞ்சியாவது எடுத்துட்டுப் போய்யா!"